இரண்டாம் பாலமும் போன வருஷப் பாட்டுகளும்

பத்து மாவுங் என்ற ஊர்ப் பக்கம் சாலை வளைந்து கடலைப் பார்க்கத் திரும்பும் இடத்தில் என் உள்ளங்கை இரண்டும் வேர்த்துவிட்டன. ஸ்டீயரிங் வழுக்கியது. ஒரு கையை எடுத்துச் சட்டையில் துடைக்கலாம் என்றால், கையை எடுக்கப் பயம்.

ஜனவரி முதல் தேதி. காலை வெயில் இன்னும் சுடவில்லை. பக்கத்து இருக்கையில் என் வீட்டுக்காரர் சந்திரன். பின்னால், கோலாலம்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகள் யாழினி. எதிரே, பினாங்குத் தீவிலிருந்து பெருநிலப் பக்கம் போகும் இரண்டாவது பாலம், கடல் மேல் நீண்டு கிடந்தது. அதன் அந்தக் கோடி கண்ணுக்குத் தெரியவில்லை.

"மா, மூச்சு விடுங்க," என்றாள் யாழினி.

"விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இல்லம்மா. கண்ணாடியில தெரியுது. மூஞ்சி உப்பியிருக்கு."

 பக்கத்தில் இவருடைய வலது கால், அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தது.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, ஆயர் ஈத்தாம் பசாரில் காய்கறி விற்கும் அக்கா ஒருவர், "அடுத்த வாரம் உங்க காடிய பத்தி எழுதுங்க லா. நீங்க பார்க்கிங் பண்ற அழகத்தான் நாங்க தெனமும் பாக்கறோமே," என்றார். எங்கள் ஊரில் காரைக் காடி என்றுதான் சொல்வோம், பேச்சின் வாலில் ஒரு லாவும் சேர்ப்போம். அவர் கேட்டதற்காகவே இந்த வாரம் காடிக் கதை.

பாலத்தின் வாசல் வரை நான் வந்து சேர்ந்த கதையைச் சொல்ல, அதற்கு முந்தின புத்தாண்டிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டு வழக்கம்

ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் பகல் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சபை கூடும். யாழினி பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் அவளே ஆரம்பித்து வைத்தது. ஒவ்வொருவரும் இரண்டு காரியம் செய்ய வேண்டும். வரப்போகிற வருஷத்துக்கு ஒரு சபதம் சொல்ல வேண்டும். போன வருஷத்தில் ரொம்பப் பிடித்துப்போன பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டி, ஏன் பிடித்தது என்றும் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பாட்டைப் போன வருஷம்தான் முதல் முறையாகக் கேட்டிருக்க வேண்டும்.

இந்த நிபந்தனை முழுக்க முழுக்க இவருக்காக வந்தது. முதல் வருஷம் இவர் கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு ஒன்றைப் போட்டார். அடுத்த வருஷமும் அதே பாட்டு. யாழினி ஒத்துக்கொள்ளவில்லை.

"பா, இது போன வருஷமும் போட்டீங்க."

"போன வருஷம் சும்மா கேட்டேன். இந்த வருஷந்தான் கவனிச்சுக் கேட்டேன்."

அன்றைக்கே சட்டம் போட்டாள். அதற்குப் பிறகு இவர் பசாரிலும் சாப்பாட்டுக் கடையிலும் காதில் விழுந்த புதுப் பாட்டு எதையாவது ஞாபகம் வைத்துக்கொண்டு வந்து, யாழினியிடம் இரண்டு வரி முனகிக் காட்டுவார். அவள் அதைத் தேடி எடுத்துப் போடுவாள். பாதி நேரம் வேறு பாட்டுத்தான் வரும். இவர் அதையும் ரசித்துக் கேட்பார்.

என் சபதங்கள் எல்லாம் ஒரே ரகம். எடையைக் குறைப்பேன். தேத்தண்ணியில் சீனியைக் குறைப்பேன். ஒரு வருஷம் சீனியை நிஜமாகவே குறைத்துவிட்டேன். கெட்டிப்பால் இரண்டு கரண்டி கூடியது. நான் வேலை பார்ப்பது பல் மருத்துவரின் கிளினிக் முகப்பில். வருகிறவர்களிடம் இனிப்பைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் போய் அந்தத் தேத்தண்ணியைக் குடிப்பேன்.

அக்காவும் செய்தி வாசிக்கிற பெண்ணும்

இவர் வாலிபத்திலிருந்தே தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். விடியும் முன்னே கிளம்பி, ஆயர் ஈத்தாம் சந்துகளில் நின்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஓய்வு பெற்ற பிறகும் வண்டியைத் தவிர வேறு நினைப்பு கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு என்னை எங்கள் பழைய காடியில் ஏற்றிக்கொண்டு, பாலம் தாண்டி, சுங்கை பாக்காப்பில் இருக்கும் என் அக்கா சரோஜா வீட்டுக்குப் போவார்.

அப்புறம் அவருடைய கண்ணில் கோளாறு வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டதாம். நேரே இருப்பது தெரியும், ஓரத்தில் வருவது தெரியாது. இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவர் காடிச் சாவியைக் கதவோரத்து ஆணியில் மாட்டினார். அதன் பிறகு அந்தப் பக்கமே பார்க்கவில்லை. கீழே நின்ற காடியின் மேல் புறாக்கள் குடித்தனம் நடத்தின.

சரோஜா அக்கா அரசாங்க மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெரிய அண்டாக்களுக்கு நடுவே கத்திக் கத்திப் பழகியதால் ரகசியம் பேசினாலும் தெருவுக்குக் கேட்கும். அத்தான் இறந்து சில வருஷங்களாகிவிட்டன, பிள்ளைகள் இல்லை. போதாததற்கு, அந்தச் சமயத்தில் முழங்காலில் அறுவை சிகிச்சையும் நடந்திருந்தது. பஸ், படகு, மறுபடி பஸ் என்று நான் போய்ச் சேருவதற்குள் பாதி நாள் போய்விடும். போய் உட்காருவதற்குள் கிளம்பு கிளம்பு என்று விரட்டுவாள். அதனால் பேச்செல்லாம் போனில்தான்.

ஒரு நாள் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"நான் இப்ப டிவியில செய்தி வாசிக்கிற பொண்ணோட பேசறேன் லா. அவ வணக்கம் சொன்னா நானும் வணக்கம் சொல்றேன். நாளைக்கு மழைன்னு சொன்னா, சரிம்மா துணிய எடுத்துர்றேங்கறேன்."

அவளுடைய சிரிப்பு போனைத் தாண்டி வீடு முழுக்கக் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாய் தவறி வந்த சபதம்

அந்தப் புத்தாண்டுச் சபையில் யாழினி என் பக்கம் திரும்பி, "மா, உங்க சபதம் என்ன? எடை குறைக்கறது வேணாம், அது எங்களுக்கே போரடிச்சிடுச்சி," என்றாள்.

தினமும் காலையில் நடப்பேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"நான் காடி ஓட்டக் கத்துக்கப் போறேன். அடுத்த புத்தாண்டுக்குப் பாலம் தாண்டிப் போயி அக்காவப் பாப்பேன்."

யாழினி கைதட்டினாள். இவர் எழுந்து, மேசையில் இருந்த கோப்பைகளை எல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். எங்கள் வீட்டில் இவர் கோப்பை கழுவுவது அபூர்வம். குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

திரும்பி வந்ததும் யாழினி, "பா, உங்க பாட்டு?" என்றாள்.

"இந்த வருஷம் நான் ஒண்ணும் கேக்கல," என்றார்.

மாலையில் அவள் வெளியே போயிருந்தபோது இவர் என்னிடம் பேச்சை எடுத்தார்.

"ஒனக்கு ஐம்பத்து நாலு ஆகுது, லெச்சுமி."

"ஆனா என்ன? எத்தனையோ பேரு ஓட்டறாங்க."

"நான் இருக்கறப்ப நீ ஓட்டணுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.  அவர் பார்வை ஆணியில் தொங்கிய சாவியின் மேல் இருந்தது. அவர் கை தொடாத சாவியை நான் எடுக்கப் போகிறேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

ஆனாலும் அடுத்த வாரமே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன். செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு வணக்கம் சொல்லும் அக்காவை என்னால் மறக்க முடியவில்லை.

சிக்கு

மலாயில் ஆசிரியரைச் சிக்கு என்று கூப்பிடுவார்கள். தமிழில் எழுதிப் பார்த்தால் தலைமுடியில் விழுகிற சிக்குதான். எனக்கு வாய்த்த சிக்கு ஃபரிதா, என் மகளைவிடச் சில வயது மூத்தவள். சூலியா தெருப் பக்கம் அவளுடைய தமிழ் முஸ்லிம் குடும்பத்துக்கு நாசி கண்டார் என்ற சோறு, குழம்புக் கடை இருக்கிறது. பிறந்ததிலிருந்து தலைக்கு மேல் ஆட்கள் ஆர்டர் கத்துவதைக் கேட்டு வளர்ந்ததால், பின்னால் எத்தனை லாரி ஹாரன் அடித்தாலும் தனக்குத் தூக்கம் வரும் என்பாள்.

முதல் பாடத்தில் ஒரு வட்டச் சாலையைச் சுற்றி வருவதற்குள் எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.

"அக்கா, நீங்க மூச்சு விடல."

"விட்டேனே."

"இல்லக்கா. கிளட்ச்ச அழுத்தறப்பல்லாம் மூச்சையும் சேத்து அழுத்தறீங்க. ஒண்ணு செய்ங்க, ஏதாச்சும் பாடுங்க. பாடற ஆளு மூச்ச புடிச்சி வெக்க முடியாது."

எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் அந்த நிமிஷம் எங்கோ போய்விட்டது. நினைவுக்கு வந்தது, சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்க வருகிறவர் போடும் மெட்டு மட்டும்தான். அதற்கு வார்த்தையும் கிடையாது. ல ல ல என்று பாடிக்கொண்டே கியரைப் போட்டேன். சமிக்ஞை விளக்கில் பக்கத்தில் நின்ற ஒருவர் ரொட்டிக்காரரைத் தேடித் திரும்பிப் பார்த்தார். ஃபரிதா சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. வண்டி மட்டும் உதறாமல் கிளம்பியது.

அன்று சாயங்காலம் யாழினிக்குப் போன் போட்டு, காடி ஓட்டும்போது பாட நாலு பாட்டு அனுப்பச் சொன்னேன். இப்படித்தான் அந்த வருஷத்துப் பாட்டுகள் எனக்கு வந்து சேர்ந்தன.

முதலில் வந்தது நம்மூர்ப் பையன்கள் பாடிய ராப். பாட்டா பேச்சா என்று எனக்குப் புரியவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்ட ஒருவன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே தொழிற்சாலை பஸ்ஸைத் துரத்துகிறான். அவ்வளவுதான் கதை. அவன் மூச்சு வாங்குகிற இடத்தில் தாளம் நின்று மறுபடி பிடிக்கும். அந்த இடத்தில் கியர் மாற்றினால் கச்சிதமாக விழும். இரண்டாவது, ஒரு பெண் தனியாகப் புல்லாங்குழலோடு பாடும் பாட்டு. ரொம்ப மெதுவாகப் போகும். பின்னுக்கு வந்து நிறுத்தப் பழகியது அதில்தான்.

அந்த வருஷம் தைப்பூசம் பிப்ரவரியில் வந்தது. அதற்கு முந்தின வாரம் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் பாடம். தண்ணீர்ப் பந்தல்களில் ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு காடிக் கண்ணாடியைக் கிடுகிடுக்க வைத்தது. எல் பலகையைப் பார்த்த ஒரு பையன் ஓடி வந்து, பந்தல் போட ஏணியோடு நின்றவர்களைப் பார்த்து, "டேய், ஒதுங்குங்கடா, அக்கா கத்துக்கறாங்க," என்று கத்தினான். அத்தனை பேரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெட்கமாக இருந்தாலும் வழி தாராளமாகக் கிடைத்தது.

எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது வேறொரு பாட்டு. மழை நாளில் வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றபோது ஃபரிதா முணுமுணுத்த மலாய்ப் பாட்டு. வரி வரியாக அர்த்தம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். மழை விட்டதும் வருகிறேன் என்று சொன்னவன், மழையோடேயே வந்து நிற்கிறான். அதைப் பாடும்போது என் கை தானாகவே தளர்ந்துவிடும்.

மேடு

ஓட்டுநர் சோதனையில் ஒரு மேடு உண்டு. பாதி ஏற்றத்தில் கோட்டின் மேல் நிறுத்தி, பின்னால் நழுவாமல் கிளம்ப வேண்டும். நான் நழுவினேன். கொஞ்சமாக இல்லை, வந்த வழியே கீழே போய்ச் சேர்ந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"மேட்டுல பின்னால போயிடுச்சி."

கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார். சபதம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை நான் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தபோது, செய்தித்தாளைவிட்டுத் தலை நிமிராமலே பேசினார்.

"காதால கேக்கணும்."

"என்னங்க?"

"மேட்டுல கண்ண நம்பாத. கிளட்ச்ச கொஞ்சங் கொஞ்சமா விட்டா இஞ்சின் சத்தம் தாழ்ந்து வரும். எதையோ தூக்கப்போற ஆளு மாதிரி. அந்தச் சத்தம் வந்ததும் ஹேன்ட் பிரேக்க எறக்கு. காடி பின்னால போவாது."

அவ்வளவுதான் சொன்னார். தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு மறுபடி செய்தித்தாளுக்குள் போய்விட்டார். அந்தத் தாள் வெகுநேரம் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டாம் முறை மேட்டில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். சத்தம் தாழ்ந்தது. பிரேக்கை இறக்கினேன். காடி முக்கிக்கொண்டு மேலே ஏறியது. இறங்கி வந்ததும் ஃபரிதா ஹாரனை அடித்த அடியில் சோதனை அதிகாரியே திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

என் உயரத்துக்கு

லைசன் கையில் வந்த பிறகும் பழைய காடியில் தனியாகத்தான் பழகினேன். சாயங்காலங்களில் அடுக்குமாடியின் கார் நிறுத்தத்தையே சுற்றிச் சுற்றி வருவேன், பாட்டைப் போட்டுக்கொண்டு. இவர் மேலே மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார். கூட வாங்க என்றால், "நீ போ," என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வாளியும் துணியுமாக இறங்கி வந்து, காடிக்குள் இருந்த என் முன்னால் நின்றார்.

"கீழ எறங்கு."

இறங்கினேன். முன் கண்ணாடியைத் துடைத்தார். பக்கக் கண்ணாடிகளைத் துடைத்தார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கண் கோளாறு வந்த பிறகு அன்றுதான் அந்த இடத்தில் உட்கார்கிறார். இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

அப்புறம் குனிந்து, இருக்கைக்கு அடியில் இருந்த கம்பியைத் தூக்கி, இருக்கையை முன்னால் தள்ளினார். துருப்பிடித்த தண்டவாளம் கிறீச்சிட்டது.

"இது என் காலுக்கு வெச்சது. நீ நுனியில தொத்திக்கிட்டு ஓட்டற. மேலேருந்து பாத்தாலே தெரியுது."

கண்ணாடியையும் என் உயரத்துக்குத் திருப்பி வைத்தார். இறங்கினார். நான் ஏறி உட்கார்ந்தேன். முதுகு முழுக்கச் சாய்ந்தது. பெடல் காலுக்கு எட்டியது. அத்தனை நாள் இல்லாத சுகம்.

இவர் சுற்றி வந்து அந்தப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"போ."

"எங்கங்க?"

"ரொட்டி சானாய் கடைக்கு. பசிக்குது."

அந்தச் சாயங்காலம் தின்ற ரொட்டியின் மொறுமொறுப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது. இவர் வாய் நிறைய வைத்துக்கொண்டு, நான் வழியில் செய்த தப்புகளை வரிசையாகச் சொன்னார். நான் இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கினேன்.

பாலத்தின் மேல்

இப்படியாகத்தான் ஜனவரி முதல் தேதி காலையில் நான் பாலத்தின் வாசலில் இருந்தேன். ஏறியாயிற்று. இனி நடுவில் திரும்ப வழியில்லை. இரண்டு பக்கமும் கடல். தூரத்தில் மீன் பிடிக்கிறவர்களின் படகுகள். காற்று காடியைப் பக்கவாட்டில் தள்ளுவது ஸ்டீயரிங்கில் தெரிந்தது.

பாலம் உயர்ந்து கம்பிகள் விசிறி மாதிரி விரிகிற இடத்தில், ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டியது. காடி ஒருமுறை ஆடி நின்றது. நான் மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"பாடு," என்றார் இவர்.

"என்ன?"

"அந்தச் சிக்கு சொல்லிக் குடுத்தாளே, மழைப் பாட்டு. பாடு."

முதல் வரியை ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் இவரும் சேர்ந்துகொண்டார். ஒரு வரி கூடச் சரியாகத் தெரியாது. மழைக்குப் பதில் மீன் என்று பாடினார். மீன் விட்டதும் வருகிறேன் என்று சொன்னவன், மீனோடேயே வந்து நின்றான். யாழினி பின்னால் உருண்டு உருண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பில் கண்ணில் நீர் வந்தது. பார்த்தால் பாலம் இறங்கத் தொடங்கியிருந்தது.

ஏறுறேன் இரு

சுங்கை பாக்காப்பில் அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினேன். நாங்கள் வருவதைச் சொல்லியிருந்தோம், யார் ஓட்டி வருகிறார்கள் என்று சொல்லவில்லை. அக்கா வெளியே நின்றிருந்தாள். தலையில் பூ, தோளில் கைப்பை, காலில் புதுச் செருப்பு. என்னை ஓட்டுநர் இருக்கையில் பார்த்ததும் கைத்தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அவள் வாயை மூடிக்கொண்டு நின்று நான் பார்த்ததே இல்லை.

நான் கதவைத் திறந்தேன்.

"எறங்காத," என்றாள்.

"ஏன்கா?"

"எறங்காதங்கறேன். வீட்டுக்குள்ள ஒக்காந்து ஒக்காந்து எனக்குச் சுவரெல்லாம் மனப்பாடம். நான் ஏறுறேன், இரு."

"எங்க போக?"

"எங்கயாச்சும் போ. கடல் பாக்கணும். நல்ல நாசி கண்டார் சாப்பிடணும்."

இவர் சிரித்துக்கொண்டே இறங்கி, முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, அக்காவின் முழங்காலுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். "மாப்ள, மெதுவா," என்று முனகிக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். எந்தப் பாலத்தை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டி வந்தேனோ, அதையே மறுபடி தாண்ட வேண்டும். ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல் காடியைத் திருப்பினேன்.

தீவுக்குப் போகிற பக்கம் டோல் உண்டு. நான் எட்டத்தில் நிறுத்திவிட்டதால் அட்டையை வைக்கக் கை எட்டவில்லை. பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து, பாதி உடம்பை வெளியே நீட்டினேன். பின்னால் ஹாரன். அக்கா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே விட்டு, மருத்துவமனைச் சமையலறைக் குரலில், "இரு லா, என் தங்கச்சி ஓட்டறா," என்றாள். ஹாரன் நின்றுவிட்டது.

அந்த வருஷத்துச் சபை பாலத்தின் மேல் நடந்தது. அக்காவுக்கு இந்த வழக்கம் புதிது. யாழினி விளக்கிச் சொன்னாள்.

"பாட்டுன்னா, செய்தி முடிஞ்சதும் ஒரு மியூசிக் போடுவாங்களே, அதான் எனக்கு," என்று அக்கா அதைப் பாடியும் காட்டினாள். "சபதம் என்னன்னா, இனிமே அந்தப் பொண்ணோட பேசப்போறதில்ல. ஆளுங்களோடத்தான் பேசுவேன்."

"பா, நீங்க?" என்றாள் யாழினி, கொஞ்சம் தயங்கி. போன வருஷம் அவர் பாட்டே சொல்லாதது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அந்த ராப் பாட்டின் முதல் நாலு வரியை அதே வேகத்தில் சொல்லி முடித்தார்.  மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற சாயங்காலங்களில் மனப்பாடம் ஆகியிருக்கிறது.

"அந்தப் பையன் தொரத்தற பஸ்ஸு என் பஸ்ஸுதான்," என்றார். "எத்தன பேரு அப்படி ஓடி வந்திருக்காங்க. சட்டப் பொத்தான் போடாம, ஒரு கையில ரொட்டியோட. நான் நிறுத்தாம போனதே இல்ல."

"சபதம்?"

"பிரேக் இல்லாத எடத்துல மிதிக்காம ஒக்காரணும்."

சூலியா தெருவில், ஃபரிதா வீட்டுக் கடைக்கு எதிரே ஓர் இடம் காலியாக இருந்தது. இரண்டு காடிகளுக்கு நடுவில், அளவெடுத்த மாதிரி. விடுமுறை நாளாதலால் ஃபரிதாவும் கடையில் இருந்தாள். புது ஓட்டுநர் என்று காட்டப் பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த பி எழுத்தைப் பார்த்ததும் கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். இவர் பின்னால் நின்று வா வா என்றார், அவள் முன்னால் நின்று போதும் போதும் என்றாள். நான் புல்லாங்குழல் பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே உள்ளே நுழைத்து நிறுத்தினேன்.

"அண்ணே, அக்கா மூச்சு விட்டாங்களா?" என்று ஃபரிதா இவரைக் கேட்டாள்.

"பாலம் முழுக்கப் பாட்டுத்தான்," என்றார் இவர்.

அக்கா மீன் முட்டைக் குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கினாள். பக்கத்து மேசைக்காரரோடு பேசினாள், பரிமாறியவரோடு பேசினாள், குழம்பில் என்ன குறை என்று ஃபரிதாவின் அப்பாவிடமே சொன்னாள். சபதத்தை அன்றே ஆரம்பித்துவிட்டாள். என் சபதம் என்ன என்று யாழினி கேட்டபோது நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா விரலை நக்கிக்கொண்டே, "ஞாயித்துக்கெழம வர்றேன்னு சொல்லு, அது போதும்," என்றாள். அப்படியே சொன்னேன். சாயங்காலம் அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை. யாழினி கோலாலம்பூர் போய்விட்டாள். காடியில் நாங்கள் இரண்டு பேர்தான். பாதிப் பாலத்தில் இவருடைய போன் அடித்தது. பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, தெரிந்துகொண்டே வம்புக்கு இழுக்கும் அக்காவின் குரல் காடி முழுக்கக் கேட்டது போல இருந்தது.

"மாப்ள, கெளம்பிட்டீங்களா? நான் எப்பவோ ரெடி. யாரு ஓட்டிக்கிட்டு வர்றது, வாடகைக் காடியா?"

இவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாலத்துல வந்துக்கிட்டிருக்கோம், அக்கா. வாடகைக் காடியெல்லாம் எதுக்கு? என் பொண்டாட்டி ஓட்டறா," என்றார்.